பின்வாசல் இல்லாத வீடு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஓய்வு பெற்றதிலிருந்து என்னை அவ்வப்போது பேசக் கூப்பிடுகிறீர்கள். டீ, சமோசா கொடுக்கிறீர்கள், ஒரு சால்வை போர்த்துகிறீர்கள், பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "மேடம், பழைய குற்றவாளி ஒருத்தனப் பார்த்தா, இவன் ஆள் மேல கை வைக்கிறவனா, வைக்காதவனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜோசியம் பார்த்தே பிழைத்திருப்பேன். நான் சொல்லும் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அதனால் இந்த முறை பதில் சொல்லப் போவதில்லை. பம்மலில் ஒரு மத்தியானம் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழுமலை பகலில் வீடு புகுந்து திருடுகிறவன். நான் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்தபோது எங்கள் பக்கத்தில் மத்தியான வேளையில் பூட்டு உடைந்தால் முதலில் அவன் பெயர்தான் வாயில் வரும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் கூரியர் கொண்டு வருகிறவன் மாதிரி ஒரு பை. பெல் அடிப்பான். யாராவது எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, "இந்த அட்ரஸ் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுவான். பூட்டு தொங்கினால் பையிலிருந்து இரும்புக் கம்பி வெளியே வரும். அவன் மேல் இருந்த அத்தனை வழக்கிலும் ஒரு மனிதர் மேல்கூட அவன் விரல் பட்டதில்லை. ஒருமுறை உள்ளறையில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்துவிட்டார். "சாரி பெரியவரே, வூடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். புகார் எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டேஷனில் எங்கள் எல்லோருக்கும் ஏழுமலையைப் பிடிக்கும். அதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய தலைவர் யாராவது வருகிறார், திருவிழா வருகிறது என்றால், பழைய ஆட்களை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து வைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வரும். வெட்டுக்குத்து ஆட்களைப் பிடிக்கப் போனால் ஜீப் வேண்டும், ஆள் பலம் வேண்டும், அவன் வீட்டார் தெருவில் விழுந்து புரள்வார்கள். ஏழுமலைக்கு ஒரு போன் போதும். துண்டு, பல் விளக்கும் பிரஷ் சகிதம் அவனே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவான். "சாப்டீங்களா மேடம்?" என்று என்னை விசாரிப்பான். எங்கள் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆபத்தானவன் வெளியே சுற்றுவான், சொன்ன பேச்சைக் கேட்கிறவன் உள்ளே உட்கார்ந்திருப்பான். இந்தக் கூத்தை நீங்களும் செய்வீர்கள். செய்யும்போது உங்களுக்கே தெரியும்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குள் போனாலும் பீரோ பக்கம் திரும்புவதற்கு முன்னால் நேரே பின்பக்கம் போய்ப் பின்வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவான். திருட்டு நடந்த வீட்டில் பின்வாசல் திறந்து கிடந்தால் கைரேகைக்காரர் வருவதற்கு முன்பே அவன் பெயரைச் சொல்லிவிடுவோம். ஏன்டா இப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு, "போற வழி தெர்ஞ்சாத்தான் மேடம் கை நடுங்காம கீது" என்றான். ஸ்டேஷன் ரைட்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

பம்மலில் பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு ஒல்லியாக உயரமாகக் கட்டுகிறார்களே, அப்படி ஒரு கட்டடம். மேல் தளத்தில் ஒரே ஒரு வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஒரு எட்டில் தாண்டிவிடலாம். இந்த மாதிரி வீடுகளில் பின்வாசல் என்பதே கிடையாது. ஒரே வாசல்தான். ஜன்னல், பால்கனி எல்லாவற்றுக்கும் இரும்பு கிரில் அடித்திருப்பார்கள், திருடன் வரக் கூடாது என்று.

அந்த மேல் வீட்டில் நித்யா என்ற பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். நித்யாவுக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பாள். அம்மா கடைக்குப் போகும்போது, பெண்ணின் தூக்கம் கெடக் கூடாது என்று பெல் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். பகலில் பிள்ளைகள் தூங்குகிற எத்தனையோ வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள். பாசத்தில் செய்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

ஏழுமலை பெல்லை அழுத்தினான். பதில் இல்லை. பூட்டு வேறு தொங்கியது. உடைத்து உள்ளே போய், வழக்கம்போலப் பின்வாசலைத் தேடிச் சமையலறைக்குப் போனவனுக்குச் சுவர்தான் இருந்தது. திரும்பும்போது பாத்திரம் ஒன்றைத் தட்டிவிட்டான். நித்யா எழுந்து வந்து பார்த்துவிட்டு அலறினாள். அவன் வாசலுக்கு ஓடினான். அதற்குள் கதவு வெளியே தாழ் போடப்பட்டுவிட்டது.

தாழ் போட்டது கீழ்வீட்டுக் குணா. இவனும் நம் பழைய குற்றவாளிகள் பட்டியலில் இருக்கிறவன்தான், ஆனால் வேறு வகை. அடிதடி, மண்டை உடைப்பு, கத்திக்குத்து. அலறல் கேட்டு மேலே ஓடியவன், பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழை இழுத்துவிட்டான். திருடன் தப்பிக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். உள்ளே அந்தப் பெண்ணும் இருக்கிறாள் என்பது அவனுக்கும் தெரியும், அவன் பின்னால் ஓடி வந்த தெருவுக்கும் தெரியும். அப்படியும் எல்லோரும் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

நானும் சப்-இன்ஸ்பெக்டர் தினேஷும் கான்ஸ்டபிள்களோடு போய்ச் சேர்ந்தபோது மாடிப்படி முழுக்கக் கூட்டம். குணா கையில் ஒரு சவுக்குக் கட்டை.

"உள்ள வச்சி தாப்பா போட்டன் மேடம்! இனிமே எங்க போவான்? நீங்க ம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உள்ள பூந்து இட்டாந்து ஒப்படைக்கிறன்!"

நித்யாவின் அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து கத்தரிக்காய் உருண்டு கிடந்தது. என் காலைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு உள்ள இருக்கா மேடம், யாருமே கதவத் திறக்க விட மாட்டேங்கறாங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் சரியாக யோசித்தது அவர் ஒருவர்தான்.

உள்ளேயிருந்து கதவு தடதடவென்று இடிபட்டது. ஒவ்வொரு இடிக்கும் கூட்டம் கத்தியது, கட்டைகள் சுவரில் மோதின. நான் எல்லோரையும் அதட்டி அமைதியாக்கிவிட்டுக் கதவில் காதை வைத்தேன். "தெற! கதவத் தெறங்கடா!" என்ற குரல் கேட்டது. ஏழுமலை குரல். அதோடு அந்தப் பெண் விசும்புகிற சத்தமும்.

"ஏழுமலை, நான்தான் வந்திருக்கேன்" என்றேன்.

கதவை இடிப்பது நின்றது. பிறகு, "கதவாண்ட எவனாவது வந்தான்னா அப்பறம் நான் பொறுப்பில்ல. இந்தப் பொண்ணு இங்கதான் கீது. கைல கம்பி கீது" என்றான்.

நான் கதவைவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். சொன்ன வார்த்தைகளைவிட, சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் காரணம். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவன் 'மேடம்' போடாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

தினேஷ் என்னைத் தள்ளி அழைத்துப் போனான். நல்ல பையன், தைரியசாலி, வேலையில் சுத்தம். "மேடம், இது நம்ம ஏழுமலை. இவன் ஹிஸ்டரில ஒரு காயம்கூட இல்ல. சும்மா மிரட்டறான். தாழ எடுத்துட்டு நாலு பேர் உள்ள பாஞ்சா ஒரே நிமிஷம், கையத் தூக்கிடுவான்" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏழுமலை யாரையும் அடித்ததில்லை. ஆனால் திருடப் போன வீட்டுக்குள் அவன் ஒருமுறைகூட அடைபட்டதும் இல்லை. நாம் எழுதி வைத்திருந்தது, பின்வாசல் திறந்திருக்கும்போது ஏழுமலை எப்படி நடந்துகொள்வான் என்பதை மட்டும்தான். பின்வாசல் இல்லாத ஏழுமலையை அன்று வரை யாரும் பார்த்ததில்லை, அவன் உள்பட. அப்படிப் பாய்ந்தால் அந்த முதல் அனுபவத்துக்கு விலை கொடுக்கப் போவது நித்யா. தினேஷிடம் இதை இவ்வளவு கோர்வையாகச் சொல்ல அப்போது நேரமில்லை. "கதவத் தொட்டா உன் தொப்பியக் கழட்டிடுவேன்" என்று மட்டும் சொன்னேன்.

கதவைத் திறந்து அவனுக்கு வழி விட வேண்டும். அதற்கு முதலில் படி காலியாக வேண்டும். படி காலியாக வேண்டுமென்றால் குணா இறங்க வேண்டும்.

குணாவின் பழைய கதைகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒயின் ஷாப் வாசல், கோயில் கூழ் ஊற்றுகிற இடம், பஸ் ஸ்டாப். எல்லாமே நாலு பேர் பார்க்கிற இடம். தனியாக இருக்கும்போது அவன் யாரையும் அடித்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் அவனை அதட்டியிருந்தால் நிச்சயம் கட்டையை ஓங்கியிருப்பான். அதனால், "குணா, உங்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும், வா" என்று மெதுவாகச் சொல்லி, கீழே மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப் போனேன். அங்கே நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஆள் அப்படியே மாறிவிட்டான். கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தான். "இன்னா மேடம், தாப்பா போட்டது தப்பாய்ட்சா?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"இப்ப அதப் பேச வேணாம். உன்ன மட்டும்தான் இந்தத் தெரு கேக்கும். அத்தன பேரையும் தெரு முனைக்கு இட்டுக்கினு போ. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தன் உள்ள வரக் கூடாது. முடியுமா?"

"அவ்ளோதான மேடம்? உடுங்க."

மேலே போய் ஒரு சத்தம் போட்டான். கூட்டம் அவன் பின்னால் இறங்கியது. அவனை வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும், அது தெரு முனையில் கிடைத்தது. கான்ஸ்டபிள்களை எல்லாம் கீழே அனுப்பினேன். மொட்டை மாடிக்கோ பக்கத்து மாடிக்கோ ஒருவரும் போகக் கூடாது என்று தினேஷிடம் இரண்டு தடவை சொன்னேன். அவன் என்னையே பார்த்தான்.

"திருடன விடப் போறீங்களா மேடம்?"

"பொண்ண வெளிய எடுக்கப் போறேன். அவன் அனகாபுத்தூர்ல அக்கா வீட்டுக்குத்தான் போவான், எப்பவும் அங்கதான் போவான். சாயங்காலம் போய் எழுப்பிக் கூட்டிட்டு வந்துடலாம்."

தினேஷ் படி இறங்கினான். நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். நின்று பேசினால் குரல் விறைப்பாக வரும்.

"ஏழுமலை, படில யாரும் இல்ல. சத்தம் கேக்குதா பாரு."

உள்ளே காலடி கதவருகே வந்தது.

"தாழ எடுத்துடறேன். எடுத்துட்டு நானும் ஒரு மாடி எறங்கிடறேன். நீ போ."

"கீழ எறங்குனா சாவடிச்சிருவானுங்க."

"கீழ போகாத. மேல போ. மொட்ட மாடிலேந்து அடுத்த பில்டிங்குக்குத் தாண்டிடு. அங்கயும் யாரும் இல்ல."

உள்ளே அந்தப் பெண்ணின் அழுகை நின்றிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

"நெசமாவா மேடம்?"

அந்த 'மேடம்' திரும்பி வந்ததும் எனக்கு உயிர் வந்தது. "உங்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா? பொண்ண அப்படியே விட்டுட்டுப் போ."

தாழை எடுத்தேன். சத்தம் கேட்கும்படி படி இறங்கி, கீழ்த் தளத்தில் நின்றேன். நித்யாவின் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. கதவு கிறீச்சிட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு ஓடுகிற காலடி, மேல் நோக்கி. அதற்கப்புறம் நித்யா கதவருகே வந்து நின்றாள். கழுத்தில் ஹெட்போன், வெறுங்கால். ஒரு கீறல் இல்லை. "அம்மா" என்றாள். அவ்வளவுதான், அந்த அம்மா பறந்து போய்விட்டார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் சர்வீஸில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நிமிடம் அதுதான், வெட்கப்படாமல் சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது பக்கத்து மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

தினேஷ் கீழே இறங்கியதும் ஒரு கான்ஸ்டபிளைப் பக்கத்துக் கட்டடம் வழியாக மேலே அனுப்பி, தண்ணீர் டேங்க் பின்னால் உட்காரச் சொல்லியிருக்கிறான். ஏழுமலை தாண்டிக் குதித்ததும் அந்தப் பையன் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். ஏழுமலை வாழ்க்கையில் முதல் முறையாகக் கம்பியை ஒரு மனிதன் மேல் வீசினான். தாடை எலும்பு உடைந்தது. அந்தப் பையன் இன்று வரை ஒரு பக்கமாகத்தான் மென்று சாப்பிடுகிறான்.

நான் போனபோது இருவரும் தரையில் கிடந்தார்கள். ஒருவன் வாயெல்லாம் ரத்தம். இன்னொருவன் கம்பியைத் தூர எறிந்துவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடவில்லை. கையை நீட்டினான். "யாரும் இல்லன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான்.

தினேஷ் மேல் நான் கோபப்பட்ட அளவுக்கு யார் மேலும் கோபப்பட்டதில்லை. அவனும் விடவில்லை. "கண்ணெதிர திருடன விட்டுட்டா நாளைக்கு மேலதிகாரிங்க கேக்கும்போது என்ன மேடம் பதில் சொல்றது?" என்றான். நியாயமான கேள்விதான். நீங்கள் பலரும் அந்த இடத்தில் அவன் செய்ததைத்தான் செய்வீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏழுமலையின் விவரங்களைத் திருத்தினோம். போலீஸைத் தாக்கியவன், ஆபத்தானவன், தனியாகப் போய்ப் பிடிக்கக் கூடாது. "பார்த்தீங்களா, உள்ளுக்குள்ள இருந்திருக்கு, இப்பத்தான் வெளிய வந்திருக்கு" என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் இருந்ததாம்! அரை மணிக்குள் ஒரே மனிதனுக்கு ஒரு கதவைத் திறந்தும் பார்த்தோம், ஒரு வழியை மறித்தும் பார்த்தோம். வழி விட்ட கதவில் ஒரு பெண் கீறலில்லாமல் வெளியே வந்தாள். வழி மறித்த இடத்தில் ஒரு பையன் தாடை போயிற்று. நாம் எழுதி வைத்ததோ மறித்த இடத்தில் அவன் செய்ததை மட்டும். அதைப் படித்துவிட்டு அடுத்த முறை போகிறவர்கள் ஆயுதத்தோடு போவார்கள், இன்னும் இறுக்கமாக மறிப்பார்கள். அவன் இன்னும் பலமாக அடிப்பான். நம் குறிப்பு சரியாகிவிடும்.

ஒருவனுடைய பழைய வழக்குகளைப் படிக்கும்போது, அடித்தானா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்போது கதவு எந்தப் பக்கம் இருந்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்றும் தேடிப் படியுங்கள். அதோடு, வழி விடுகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அன்றைக்குத் திருடன் கைதவறிப் போனால் போகட்டும், திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஏழுமலை சிறையிலிருந்து வந்த பிறகு ஒரு திருவிழாவுக்கு முன்னால் வழக்கம்போல அவனுக்குப் போன் போட்டார்கள். அவன் எடுக்கவில்லை. ஜீப்பை அனுப்பித்தான் பிடித்து வந்தார்கள். எதிர்ப்பு ஒன்றும் காட்டவில்லை. என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் இல்லை. பையைக் கவிழ்த்தபோது கம்பியோடு ஒரு கத்தியும் விழுந்தது. புத்தம் புதுசு, அட்டை உறைகூடப் பிரிக்கவில்லை.

"எதுக்குடா இது? உனக்கு இது பழக்கமே இல்லியே."

அவன் என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்தபடி சொன்னான்.

"இனிமே உள்ள மாட்டிக்கினா யார் பேச்சயும் நம்பி வெளிய வர முடியாது மேடம்."

கத்தியைக் கைப்பற்றியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் இன்னொன்றை அவன் வாங்க நினைத்தால் கடைகள் திறந்துதான் இருக்கின்றன. பகலில் வெளியே பூட்டிவிட்டுப் போன வீடுகளில் பெண்பிள்ளைகள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி ஒரு வாசலில் இனி நின்று அவனைக் கூப்பிட வேண்டியவர்கள் நீங்கள்.